பதினோரு நிமிஷம் முந்திய மோட்டார்

என் மாமியார் வீடு கல்லிடைக்குறிச்சியில். நான் வக்கீல் தொழில் பார்த்தது திருநெல்வேலியில். இடையில் இருபது மைலுக்குக் கொஞ்சம் கூடுதலான தூரம். காலை ரயிலில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் போய் இறங்கி, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, சாயங்கால ரயிலில் வீடு திரும்பிவிடலாம். அந்தப் பயணத்தைச் செய்து முடிக்க எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது. அதற்காக ஒரு மோட்டார் வண்டியை வாங்கி, அதன் எஞ்சினைக் கழற்றி, ராவி, துளை போட்டு, மறுபடியும் கழற்றி, கடைசியில் அதை ரயிலைவிட வேகமாக ஓடவைத்தேன். இதைப் பெருமைக்காகச் சொல்லுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

எல்லாம் முதல் உலக யுத்தத்துக்கு முந்திய வருஷங்கள். ஒரு பொங்கலுக்கு நானும் என் மனைவியும் கல்லிடைக்குறிச்சி போயிருந்தோம். என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சினர், வயலும் களமுமாக வாழ்ந்த மனிதர். அவரிடம் ஒரு வில்வண்டியும், கண்ணுபட்டுவிடும் என்று பயந்து கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டிய ஒரு ஜோடி வெள்ளைக் காளைகளும் உண்டு. வீட்டுக்கு யார் விருந்தாளி வந்தாலும் ஸ்டேஷனுக்கு அந்த வண்டிதான் போகும். அன்றைக்கு வண்டி வர நேரமாகிவிட்டது. நான் டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்து அரை மணி நேரம் வெயில் காய்ந்தேன். மத்தியானம் பந்தியில், சொந்தக்காரர்கள் பத்துப் பேர் முன்னிலையில், மச்சினர் அதைச் சொல்லிச் சிரித்தார்.

“மாப்பிள்ளை கோர்ட்டுல பெரிய வக்கீலுதான். ஆனா ஸ்டேஷன்ல எறங்கிட்டா நம்ம காளை மனசு வச்சாத்தான் வீடு வந்து சேர முடியும்.”

கோபப்பட அதில் ஒன்றும் இல்லை. ஆனால் மாமனார் வீட்டில் இலை முன்னால் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளைக்கு எந்தப் பேச்சும் சாதாரணப் பேச்சாகக் காதில் விழாது. அந்த முறுக்கு தாலி கட்டும்போதே எங்களுக்கு வந்துவிடும். எனக்குக் கல்யாணமாகி ஏழு வருஷமாகியும் அது இறங்கியிருக்கவில்லை. இனிமேல் இந்த வாசலில் கால் வைத்தால் என் சொந்த மோட்டாரில்தான் வந்து இறங்குவேன் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டேன். மோட்டார் வண்டியை அதுவரை நான் தொட்டுப் பார்த்ததுகூட இல்லை. பாளையங்கோட்டையில் ஒன்று எதிரே வந்தபோது ஓரமாக ஒதுங்கி நின்றிருக்கிறேன், அவ்வளவுதான்.

அந்தப் பத்துப் பேரில் யாராவது ஒருவர் சிரித்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். மாப்பிள்ளை சொன்ன வார்த்தைக்கு மாமனார் வீட்டில் யார் சிரிப்பார்கள்? மாமியார் மட்டும் என் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் விட்டார். சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வீம்பாக நடந்தே போனேன். என் மனைவியும் டிரங்குப் பெட்டியும் மச்சினரின் வில்வண்டியில் என் பின்னாலேயே பைய வந்துகொண்டிருந்தார்கள். நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

கோபம் இரண்டே மாதத்தில் ஆறிவிட்டது. சொன்ன வார்த்தை அப்படியே இருந்தது. நான் போகாமல் என் மனைவி மட்டும் பிறந்த வீட்டுக்குப் போனால், புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை என்று அந்தத் தெரு முழுக்கப் பேசும். அதனால் என் வாய் என்னைக் கட்டியதோடு அவளையும் சேர்த்துக் கட்டிப் போட்டது. இது எனக்கு அப்போது பெரிய விஷயமாகப் படவில்லை.

அந்தச் சித்திரையில் மச்சினரிடமிருந்து கடிதம் வந்தது. மாமியாருக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது. இங்கிலீஷ் டாக்டர் ஒருவர் பார்த்துவிட்டு, கண்ணின் நரம்பு காய்ந்துகொண்டிருக்கிறது, போன பார்வை திரும்பாது, இருக்கும் பார்வையும் ரொம்ப நாள் நிற்காது என்று சொல்லிவிட்டாராம். என் மனைவி கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு, நான் கோர்ட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் தலைப்பாகையை எடுத்துக் கொடுத்துக்கொண்டே சொன்னாள்.

“எங்கம்மைக்கு எழுத்துத் தெரியலையாம். மொகம் தெரியுதாம். மொகம் தெரியுத காலத்துலயே என்னை ஒரு தடவ பாத்துக்கிடட்டும். கூட்டிட்டுப் போங்க.”

அவள் கேட்டது அது ஒன்றுதான். புத்தியுள்ள எந்த மனிதனும் இரண்டு ரயில் டிக்கெட் வாங்கியிருப்பான். நான் ஒரு மோட்டார் வண்டி வாங்கினேன்.

சீமைக்குத் திரும்பிப் போகும் ஒரு துரை அதை விற்றார். ஒற்றைச் சிலிண்டர், ஆறு குதிரைச் சக்தி. முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர் உட்காரலாம். அதற்காகக் கங்கைகொண்டான் பக்கம் என் பங்குக்கு இருந்த பருத்திக் காட்டைக் கொடுத்தேன். என்னிடம் இருந்த குதிரை வண்டியையும் கொடுத்தேன். அந்தக் குதிரை ஒரு நாள்கூட வழியில் நின்றதில்லை. பெட்ரோல் தூத்துக்குடியிலிருந்து டின்களில் வரும். ரயிலில்தான் வரும். ரயிலில் ஏறமாட்டேன் என்பதற்காக வாங்கிய வண்டிக்கு ரயில்தான் தீனி கொண்டுவந்தது என்பதை என் மனைவி ஒரு தடவை சொல்லிக் காட்டினாள். நான் பேச்சை மாற்றினேன்.

வண்டி ஓட்டப் பழகி, ஆனி மாதம் ஒரு நாள் கல்லிடைக்குறிச்சிக்குக் கிளம்பினோம். முன்னால் நானும் என் குமாஸ்தாவும். பின்னால் என் மனைவி, பட்டுச் சேலை கட்டி, அம்மாவுக்கென்று செய்த பலகாரங்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் டிரங்குப் பெட்டி. பேட்டை வரை ராஜபவனி. பேட்டை தாண்டி அரை மைலில் ஒரு வாய்க்கால் பாலம். அதன் ஏற்றம் ஒன்றும் மலை இல்லை. நெல் மூட்டை ஏற்றிய மாட்டு வண்டிகள் பேசிக்கொண்டே ஏறிப் போகும் ஏற்றம். என் ஆறு குதிரைகளும் அதன் பாதியில் இருமி, முனகி, படுத்துவிட்டன.

வயலில் நின்றவர்கள் வந்து தள்ளிப் பார்த்தார்கள். எஞ்சின் சூட்டில் தண்ணீர் கொதித்தது. அந்த நேரம் பார்த்து ரயில் வந்தது. தண்டவாளம் பக்கத்திலேயே போகிறது, ஆகையால் ஜன்னலுக்கு ஒரு தலையாக எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். ரயில் போன பிறகு என் மனைவி வண்டியை விட்டு இறங்காமலே, பேட்டை ஸ்டேஷன் பின்னால்தானே இருக்கிறது, சாயங்கால ரயிலிலாவது ஏறிவிடலாமா என்று கேட்டாள். என் மச்சினர் முன்னால் ரயிலில் போய் இறங்குவதா என்று நான் எரிந்து விழுந்தேன். கடைசியில் உழவுமாட்டை ஏரிலிருந்து அவிழ்த்துவந்து, கயிறு கட்டி, என்னை வீடு வரை இழுத்துவிட்டார்கள். திருநெல்வேலியில் இருபுறமும் ஜனங்கள் நின்று பார்த்த ஊர்வலம் அது ஒன்றுதான் என் ஆயுளில். நான் ஸ்டீரிங் சக்கரத்தைக் கெட்டியாகப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டு வந்தேன்.

சேதி அதே ரயிலில் கல்லிடைக்குறிச்சிக்குப் போய்விட்டது. நான்காம் நாள் மச்சினரிடமிருந்து ஒரு கார்டு. எல்லாரும் க்ஷேமம் என்று எழுதிவிட்டு, ‘தங்கள் மோட்டாருக்கு வைக்கோல் தேவைப்பட்டால் தெரிவிக்கவும், இந்த வருஷம் நன்றாக விளைந்திருக்கிறது’ என்று முடித்திருந்தார். கார்டின் ஓரத்தில், இடமில்லாமல் நெருக்கி, அம்மாவுக்கு முகம் இப்போது சரியாகத் தெரிவதில்லை, சேலையின் நிறம் தெரிகிறது என்றும் எழுதியிருந்தார். நான் வைக்கோலை மட்டும் படித்தேன். மோட்டாரில் போய் இறங்கினால் மட்டும் போதாது, ரயிலை முந்திக்கொண்டு போய் இறங்க வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

மேலப்பாளையத்தில் ஒரு ராவுத்தர் இருந்தார். கொழும்பில் மோட்டார்ப் பட்டறையில் எட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, மோட்டாரே இல்லாத ஊரில் தையல் மிஷின் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். வந்து எஞ்சினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கைப்பிடியைச் சுழற்றி ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு அணைத்துவிட்டுச் சொன்னார்.

“எஞ்சின்ல ஒரு கோளாறும் இல்ல, வக்கீலய்யா. ஆறு குதிரைக்கு உண்டான வேலையச் செய்யுது. ஏத்தம் வந்தா ரெண்டு பேரு எறங்கி நடங்க, அது பாட்டுக்கு ஏறிரும். இதுக்குப் போயி ஏன் காச அழிக்கிய?”

இதைவிட நல்ல யோசனையை அந்த இரண்டு வருஷத்தில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆனால் நான் ஒரு ஜில்லா கோர்ட்டு வக்கீல். சொந்த மோட்டாரை விட்டு இறங்கி அதன் பின்னால் நடப்பதா? முடியாது, எஞ்சினின் பலத்தைக் கூட்டியே ஆக வேண்டும் என்றேன். ராவுத்தர் எல்லாம் நசீபு, தலைவிதி என்று சொல்லிவிட்டுத் திருப்புளியை எடுத்தார். அவரை நான் கெடுத்தேன் என்பதுதான் உண்மை. ஆறே மாதத்தில் அந்தப் பைத்தியம் என்னைவிட அவருக்கு முற்றிவிட்டது. தையல் மிஷின்களெல்லாம் அவர் வீட்டில் துணிபோட்டு மூடிக் கிடந்தன.

முதலில் சிலிண்டருக்கு அடியில் இருந்த தகட்டை எடுத்துவிட்டு மெல்லிய தகடாகப் போட்டோம். அப்படிச் செய்தால் உள்ளே போகும் வாயு இன்னும் இறுக்கமாக நசுங்கும், வெடிப்பு பலமாக இருக்கும். பலமாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் நான் கைப்பிடியைச் சுழற்றியபோது எஞ்சின் திருப்பி அடித்து என் வலது மணிக்கட்டைப் பிசகவைத்தது. கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போனேன். ஜட்ஜ் விசாரித்தார். குறுக்குத்துறைப் படித்துறையில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்றேன். பொய்ச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்து மடக்குவதில் எனக்குக் கொஞ்சம் பேர் உண்டு. அன்றைக்கு என்னை மடக்க ஒருவரும் சிரமப்படவில்லை, கோர்ட்டு முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தது.

பிறகு பிஸ்டன். அது கனமாக இருப்பதால்தான் வேகம் எடுக்கவில்லை என்று ராவுத்தர் கண்டுபிடித்தார். துளை போட்டுக் கனத்தைக் குறைக்க வேண்டும். எந்தப் பக்கமும் ஒரு குன்றிமணி எடைகூட ஏறவோ இறங்கவோ கூடாது. அவ்வளவு நுணுக்கமாகத் துளைபோடும் ஆள் யார் என்று யோசித்து, என் மனைவிக்கு நகை செய்யும் ஆசாரியிடம் கொண்டுபோனோம். அவர் பிஸ்டனைக் கையில் வாங்கி, உரசிப் பார்த்து, இரும்பு என்று தெரிந்ததும் என் முகத்தைப் பார்த்தார். பதினேழு நாள் பட்டறையில் உட்கார்ந்து துளைத்தார். பழக்கதோஷம், உதிர்ந்த தூளை எல்லாம் கூட்டி எடுத்து நிறுத்து, பொட்டலம் கட்டி, சேதாரம் போக மிச்சம் என்று என்னிடம் கொடுத்தார். ஒரு அட்டிகைக்கு உண்டான கூலியைக் கொடுத்து அந்த இரும்புத் தூளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அந்தச் சமயத்தில் இன்னொரு கடிதம் வந்தது. அம்மாவுக்கு நிறம் தெரிவதில்லை, வெளிச்சமும் இருட்டும் தெரிகிறது, ஆள் குறுக்கே போனால் நிழல் தெரிகிறது. என் மனைவி அதைப் படித்துவிட்டு என் பக்கத்தில் வைத்தாள். வால்வைத் தேய்த்துச் சரியாக உட்காரவைத்துவிட்டால் அடுத்த மாதம் போய்விடலாம் என்றேன். அடுத்த மாதம் என்று நான் சொன்ன மாதங்களை அவள் விரல்விட்டு எண்ணியிருப்பாள் என்று நினைக்கிறேன்.

வால்வைத் தேய்க்க ஒரு மாதம். வால்வு ஸ்பிரிங் சென்னைப் பட்டணத்திலிருந்து வி.பி.பி. தபாலில் வர இரண்டு மாதம், வந்தது அளவு சரியில்லாமல் திருப்பி அனுப்பி மறுபடி வர இன்னும் இரண்டு மாதம். பெட்ரோல் கசிந்துவரும் துவாரத்தைப் பெரிதாக்குகிறேன் என்று ராவுத்தர் ஊசியை வைத்துக் குத்தி அதைத் தோடு போடும் காது மாதிரி ஆக்கிவிட்டார். அதற்கு வேறு ஒரு பித்தளைத் துண்டு கடையவேண்டியதாயிற்று. எஞ்சினுக்கு வழக்கமாக விடும் எண்ணெய் இந்த வேகத்துக்குத் தாங்காது, சீமையில் பந்தயம் ஓட்டுகிறவர்கள் விளக்கெண்ணெய்தான் விடுகிறார்கள் என்று ஒரு இங்கிலீஷ் பத்திரிகையில் படித்தேன். விளக்கெண்ணெய்க்கு எங்கள் ஊரில் பஞ்சமா? செக்கடியில் ஆட்டிய எண்ணெயாக வாங்கி ஊற்றினோம். எஞ்சின் அதை எரித்துப் புகையாக விட்டது. அந்தப் புகையை முகர்ந்துகொண்டு நானும் ராவுத்தரும் ஒரு நாள் முழுக்க வேலை பார்த்தோம். விளக்கெண்ணெய் எந்த வழியாக உள்ளே போனாலும் தன் வேலையைச் செய்யும் என்பதை மறுநாள் இரண்டு பேரும் தத்தம் வீட்டில் தெரிந்துகொண்டோம். அன்றைக்கு ஒரு வழக்கு வாய்தா வாங்கப்பட்டது. காரணம் உடல்நலம் என்று எழுதிக் கொடுத்தேன்.

இவ்வளவும் செய்தபின் எஞ்சினுக்குப் பலம் வந்துவிட்டது. நிதானம் போய்விட்டது. மெதுவாக ஓடத் தெரியாது, நின்றால் அணைந்துவிடும், அணைந்தால் நாலு பேர் தள்ளினால்தான் உயிர் வரும். ஓட்டும்போது பக்கத்தில் ராவுத்தர் உட்கார்ந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் எண்ணெயைக் கைப்பம்பால் அடித்துவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் பேட்டைப் பாலத்தில் ஏறியது. பறந்து ஏறியது என்றே சொல்லுவேன். ரயிலோடு வைத்துப் பார்த்தால் மட்டும் இன்னும் ஐந்து நிமிஷம் பின்தங்கியது. அந்த ஐந்து நிமிஷத்துக்காக வண்டியின் கனத்தைக் குறைக்க ஆரம்பித்தோம். மேல்கூண்டைக் கழற்றினோம். சக்கரத்தின் மேல் இருந்த மட்கார்டுகளைக் கழற்றினோம். விளக்குகளைக் கழற்றினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பின்சீட்டையும் கழற்றி, தோல் மெத்தையோடு தூக்கிக்கொண்டு வந்து கூடத்தில் வைத்தோம்.

என் மனைவி அடுப்படியிலிருந்து வந்து அதைப் பார்த்தாள். ராவுத்தரும் நானும் முகமெல்லாம் கரியாக, எவ்வளவு கனம் குறைந்தது என்று சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தோம். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்தச் சீட்டில் உட்கார்ந்தாள். ஒரு தரம் மெத்தையைத் தடவிப் பார்த்தாள்.

“அப்பம் நான் எங்கன உக்காந்து போவேன்?” என்று கேட்டாள்.

ராவுத்தர் சட்டென்று எழுந்து திருப்புளியைத் தேடப் போய்விட்டார். நான் வக்கீல் அல்லவா, பதில் வைத்திருந்தேன். சொந்த மோட்டாரில்தான் வந்து இறங்குவேன் என்று சொன்னது யார்? நான். அந்த வார்த்தை என்னை மட்டும்தான் கட்டும். நீ ரயிலில் வரலாம், ஒரே நேரத்தில் நான் மோட்டாரில் வந்துவிடுவேன். நாம் சேர்ந்து போனதாகத்தான் ஊர் பேசும், என் வார்த்தைக்கும் பழுது இல்லை. எதிர்வீட்டு அம்மாள் அடிக்கடி அம்பாசமுத்திரம் போகிறார்கள், பெண்கள் பெட்டியில் துணைக்கு ஆகும். இதைச் சொல்லி முடித்துவிட்டு நான் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன் என்று ஞாபகம். காசு கொடுத்த கட்சிக்காரன் ஒருவன் இதே சிக்கலைக் கொண்டுவந்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் இந்த வழியைச் சொல்லி அனுப்பியிருப்பேன். என் வீட்டுக்காரிக்கு அதைச் சொல்ல இரண்டு வருஷமாயிற்று. அவள் சீட்டை விட்டு எழுந்தாள். சரி என்று மட்டும் சொன்னாள்.

மச்சினருக்குக் கடிதம் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை காலை மோட்டாரில் வருகிறோம் என்று எழுதினேன். அவள் ரயிலில் வருவதை எழுதவில்லை. எழுதினால் பின்சீட்டு இல்லாததையும் எழுதவேண்டிவரும், வைக்கோல் கார்டு எழுதிய கை அதற்கு என்ன எழுதுமோ என்று பயம். ஸ்டேஷன் வாசலில் உனக்கு முன்னால் நான் நிற்பேன், கவலைப்படாதே என்று அவளிடம் சொல்லியிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரயில் கார்டு விசில் ஊதியதும் ஸ்டேஷன் வெளியே நின்ற நாலு பேர் வண்டியைத் தள்ளினார்கள். எஞ்சின் ஒரே இருமலில் பிடித்துக்கொண்டது. பேட்டை வரை ரயில் எங்களுக்கு முன்னால். வாய்க்கால் பாலத்தில் பக்கத்தில் வந்தோம். பாலத்தின் மேல் நான் ரயிலைத் திரும்பிப் பார்த்தேன். இரண்டு வருஷத்துக்கு முன் எங்களைப் பார்த்த மாதிரியே ஜன்னலுக்கு ஒரு தலை. இந்தத் தடவை நான் அவர்களைப் பார்த்துச் சிரித்தேன். பெண்கள் பெட்டி எது என்று பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. சேரன்மகாதேவியில் ரயில் நின்றது, நாங்கள் நிற்கவில்லை. ராவுத்தர் எண்ணெயை அடித்துக்கொண்டே, “உடாதிய, உடாதிய” என்று கத்திக்கொண்டு வந்தார். வீரவநல்லூரில் ஒரு ஆட்டுமந்தை இரண்டாகப் பிரிந்தது. பொய் சொல்லமாட்டேன், என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்தது கொஞ்ச நேரம்தான், அது அந்தக் கொஞ்ச நேரம்.

கல்லிடைக்குறிச்சியில் ஸ்டேஷனுக்குத் திரும்பும் பாதை வந்தது. அங்கே திரும்பி நிற்கவேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஆனால் தெருமுனையில் ஜனங்கள் சத்தம் கேட்டு ஓடிவந்து நின்றார்கள். ஸ்டேஷன் வாசலில் நின்றால் யார் பார்ப்பார்கள்? நிறுத்தினால் எஞ்சின் வேறு அணைந்துவிடும் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு, நேரே மாமனார் வீட்டுத் தெருவுக்கு விட்டேன். வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, எஞ்சின் தானாகவே ஓய்ந்ததும், கடிகாரத்தை எடுத்துப் பார்த்தேன். ரயில் இன்னும் ஊதவில்லை.

மச்சினர் வெளியே வந்து வண்டியைப் பார்த்தபடி நின்றார். அவருக்குப் பின்னால், சுவரைத் தடவிக்கொண்டு, மாமியார் வந்தார்.

“வாங்க மாப்பிள்ளை” என்றார். என் முகம் இருக்கும் இடத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு என்னைத் தாண்டி வண்டியின் பின்பக்கத்துக்குப் போனார். கடிதத்தில் வருகிறோம் என்றுதானே எழுதியிருந்தேன். மோட்டாரில் பெண்கள் பின்னால்தான் உட்காருவார்கள் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். கையை நீட்டினார். அங்கே பலகையும், சாக்கு சுற்றிக் கட்டிய ஒரு பெட்ரோல் டின்னும் இருந்தன. சாக்கின் மேல் கையை வைத்தார். ஒரு நிமிஷம் வைத்தபடியே நின்றார்.

“எம்மா, எறங்கி வா. ஏன் பேசாம இருக்க? அம்மை மேல கோவமா?”

நான் சொல்லியிருக்க வேண்டும். உடனே சொல்லியிருக்க வேண்டும். கோர்ட்டில் மூன்று மணி நேரம் நிறுத்தாமல் பேசுகிறவன் கடிகாரத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். மாமியார் டின்னை விட்டு அந்தப் பக்கம் போய்ப் பலகையைத் தடவினார். சுற்றிவந்து இந்தப் பக்கம் தடவினார். பிறகு முன்பக்கம் கையைக் கொண்டுபோனார். ராவுத்தர்தான் குதித்து இறங்கி, “அங்கன தொடாதீங்கம்மா, சூடு கொதிக்கி” என்று அவர் கையைத் தொடாமல் நடுவில் தன் கையை வைத்து மறித்தார். பிறகு ராவுத்தர் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

அப்போதுதான் வயல்களுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரயில் ஊதும் சத்தம் கேட்டது. அவள் ரயிலில் வருகிறாள், அத்தை, என்றேன். ரயிலிலா, தனியாகவா, என்று மாமியார் கேட்டார். மச்சினர் என்னைப் பார்த்தார். அவர் வாயிலிருந்து ஏதாவது ஒரு கேலி வரும் என்று காத்திருந்தேன், வந்திருந்தால் எனக்குத் தேவலை. அவர் நேரே கொல்லைக்குப் போய், காளைகளைத் தானே அவிழ்த்துப் பூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். காளை பூட்டி, போய், திரும்பி வர அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த அரை மணி நேரமும் என் மனைவி ஸ்டேஷனில் டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

அவள் வண்டியை விட்டு இறங்கியபோது மாமியார் வாசலிலேயே நின்றார். அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, நெற்றியிலிருந்து மோவாய் வரை தடவி, மெலிந்துவிட்டாயே என்றார். அன்றைக்கு என்ன சேலை கட்டியிருக்கிறாய் என்று கேட்டார். முதல் தடவை கிளம்பியபோது கட்டியிருந்த அதே அரக்குப் பட்டு என்று என் மனைவி சொன்னாள். எனக்குத் தெரியும்மா, அரக்கு உனக்கு எடுப்பாக இருக்கும் என்றார் மாமியார். நான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன். வாசலில் பிள்ளைகள் மோட்டாரைச் சுற்றி நின்று வியந்து பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

சாயங்காலம் மோட்டாரை ஓட்டிக்கொண்டு போகச் சொல்லி ராவுத்தரிடம் கொடுத்துவிட்டு, நான் என் மனைவியோடு ரயிலில் ஏறினேன். மச்சினர் வில்வண்டியில் எங்கள் இரண்டு பேரையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்துவிட்டார். அதில் ஏறும்போது அவர் ஒரு கை கொடுத்தார், நான் பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு மாமியார் இருந்தவரைக்கும் மாதம் ஒரு தடவை அப்படித்தான் போனோம், வந்தோம்.

ரயில் பேட்டையை நெருங்கும்போது வாய்க்கால் பாலம் வந்தது. பாலத்து ஏற்றத்தில் என் மோட்டார் ஊர்ந்துகொண்டிருந்தது. முன்னால் ஒரு ஜோடி உழவுமாடு பூட்டிக் கயிறு கட்டியிருந்தார்கள். ராவுத்தர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் நடந்து வந்தார். எங்கள் பெட்டியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் மனைவி சிரித்துவிட்டாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். நானும் சிரித்தேன். சிரித்து முடிந்ததும் அவள் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

“காலையில ரயிலவிட எம்புட்டு நேரம் முந்தி வந்திய?”

பதினோரு நிமிஷம் என்றேன்.

“அந்தப் பதினோரு நிமிசமும் அம்மை என்ன செஞ்சா?”

உன்னைத் தேடிக்கொண்டிருந்தார்கள் என்றேன்.

எங்கே தேடினாள் என்று கேட்டாள். அதையும் சொன்னேன்.